துணியில் விழுந்த முகம்

முருங்கன் சந்தியில் ரேடியோ திருத்துகிறவருக்கு விரல்நுனியெல்லாம் செம்பை அரிக்கும் திரவத்தின் மஞ்சள் கறை. அச்சடித்த தாள் எதையும் ஒரு சின்ன முகக்கண்ணாடியில் காட்டித்தான் பார்ப்பார். மின்சாரம் ஓடும் வழிகளை வரைந்த சர்க்கியூட் படத்தை இடம்வலம் மாற்றி அச்சடித்தால்தான் செம்புத் தகட்டில் சரியாக விழுமாம்.

எங்கள் வயல் பம்பை இயக்கும் பெட்டிக்குப் புதுச் சர்க்கியூட் தகடு செய்ய, மினுங்கும் தாள் இருக்கிறதா என்று கேட்டார். என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய படத்தோடு அடித்த தாள்களில் மிஞ்சியதைக் கொடுத்தேன். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் சர்க்கியூட்டை அச்சடித்தார். அதைத் தகட்டின்மேல் கவிழ்த்து, ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, அயன் பெட்டியால் அழுத்தினார். துணியை எடுத்தபோது, சூட்டில் இளகிய மையோடு கணவரின் முகமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. வகிடு மறுபக்கம் இருந்தது. மச்சமும் மற்றக் கன்னத்துக்குப் போயிருந்தது.

"இது அவரில்லை," என்றேன்.

"உங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும், தங்கச்சி. ஆனா அவர் ஒவ்வொரு நாளும் கண்ணாடியிலை தன்னைக் கண்டது இந்த முகத்தைத்தான்."

சொல்லிவிட்டு, முகக்கண்ணாடியைத் துணிக்கு நேரே பிடித்தார். அதற்குள் என் கணவர் இருந்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பம்பு நன்றாக ஓடுகிறது. ஆனால் கணவரை நினைத்துக் கண்ணை மூடினால், துணியில் இருந்தவர்தான் வருகிறார். கண்ணாடிக்குள் இருந்தவர் வருவதில்லை.