பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த எண்

1. வியாழக்கிழமை: திரும்பி நின்ற கார்

காலை எட்டேகால். கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் கூரையைத் திறந்துவிட்ட ஒரு சிவப்புக் கார் அதன் அடியால் நுழைந்து உள்ளே வந்து நின்றது. அந்தக் காருக்குப் பாதி ஷட்டரே அதிகம்.

நிஸார் நானா இறங்கினார். முதலில் ஒரு கால், பிறகு வயிறு, பிறகு எங்கள் ஃபிட்டர் சுனிலின் கையைப் பிடித்துக்கொண்டு மீதி. மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்பவர் அவர். அவருடைய லொறிக்கும் வேனுக்கும் நாங்கள்தான் டயர் போடுகிறோம். மனைவி, நான்கு பிள்ளைகள், இவர் என்று ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு சீட் ஜப்பான் கார் வாங்கியிருந்தார்.

"மிஸ், நாலு டயர் வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள. இல்லாட்டி கார் போயிடும்."

"எங்க போகும் நானா?"

"வித்தவர்கிட்டயே போயிடும். ஃபரீனா செல்லிட்டா."

ஃபரீனா அவருடைய மனைவி. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானா ரத்தோட்டைப் பக்கம் போயிருக்கிறார். மழைத் தூறல். ஒரு வளைவில் காரின் வால் சுற்றிக்கொண்டு வந்து, ரத்தோட்டையைப் பார்த்துப் போன கார் மாத்தளையைப் பார்த்து நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை, காரில் கீறல்கூட இல்லை. ஃபரீனா அக்கா இறங்கி, பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மாலை தீர்ப்பு வந்தது. வரும் ஞாயிறு மலை உச்சியில் இருக்கும் ரிவர்ஸ்டன் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு இடத்தில் வழுக்கினாலும் கார் திரும்பிப் போகும். விற்றவர் ஒரு மாதத்துக்குள் என்றால் திருப்பி எடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"ஆனா மிஸ், வழுக்கினதையும் குறை செல்ல ஏலாது. அழகாத் திரும்பிச்சு," என்றார் நானா.

மாத்தளை டயர் கடைக் கவுண்டரில் எனக்கு இருபத்திரண்டு வருடம். வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் என் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு: உரிமையாளர், சைஸ், டயரின் வயது, அடித்த காற்று, சொன்ன குறை. என் பக்கங்களில் அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தச் சிவப்புக் காரின் பக்கத்தில் மட்டும் இரண்டு அடித்தல்கள் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

2. கராம்பு

முதலில் இருந்த டயர்களைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் 195/50 R15. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் ஐம்பது வீதம், ரிம் பதினைந்து அங்குலம். பின்னால் 205/50. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி. பின் டயரின் சைட் வாலில் இருந்த நான்கு எண்களைப் படித்தேன். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும் எண்கள் அவை. அந்த டயருக்குப் பதினோரு வயது.

நானா நம்பவில்லை. டயரின் வெட்டுப் பள்ளமெல்லாம் ஆழமாக, புதுசு போலவே இருக்கிறதே என்றார்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கராம்பு கிடக்கும். பழைய கராம்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் காட்டினார். எண்ணெய் கசிந்து நகம் பளபளத்தது. பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எண்ணெய் கசியாவிட்டால் அது பழைய சரக்கு என்றார். "இப்ப டயர்ல அழுத்துங்க," என்றேன். பின் டயரில் அழுத்தினார். நகம் உள்ளே போகவே இல்லை. கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்தார்.

"யா அல்லாஹ். பழைய சரக்குல பொண்டாட்டிய ஏத்திட்டுப் போயிருக்கேன்."

பிறகு வழக்கம்போல டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணைப் பார்த்தேன். சைஸ் லேபிள் அங்கேதான் இருக்கும். இந்தக் காரில் அங்கே ஒரு பிள்ளையார் இருந்தார். முன்பு காரை வைத்திருந்தவர் ஒட்டிய பெரிய ஸ்டிக்கர். கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவை மூடினேன்.

3. மூன்று வகை

கண்டியில் விசாரித்து மூன்று வகை டயர்களைக் கொண்டுவந்தேன். முதலாவது 205, வெட்டு குறைவு, பந்தயக் காருக்குப் போடுவது மாதிரி. நானா அதைக் கட்டிப்பிடிக்காத குறை. காய்ந்த ரோட்டில் அது ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் வெட்டு குறைந்த டயருக்குத் தண்ணீரை வெளியே தள்ள இடமில்லை. ரிவர்ஸ்டன் ரோட்டில் மழை இல்லாத மத்தியானத்தை நான் பார்த்தது குறைவு. இரண்டாவது ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் டயர். நானாவே நகத்தால் அழுத்திப் பார்த்துத் தள்ளி வைத்துவிட்டார். மூன்றாவது 195/50, மென்மையான ரப்பர், நடுவில் நான்கு அகலமான பள்ளம். பார்க்க ஒரு விசேஷமும் இல்லை.

"மிஸ், இது மையத்து வீட்டுக்குப் போற காருக்குப் போடுற டயர் மாதிரி ஈக்கி." சாவு வீட்டைச் சொன்னார்.

அந்த நேரம் ஃபரீனா அக்கா வேனை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பல்லேகம வரை தனியாகப் போய்வருகிறவர் அவர். சிவப்புக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மனுஷன் கார் வாங்கல்ல மிஸ். சப்பாத்து வாங்கியிருக்கார். ரெண்டு காலுக்கு மேல நுழையாது."

சுனில் ஜேக்கைப் போட்டுவிட்டுச் சிரித்தார். நானாவும் சிரித்தார். ஃபரீனா அக்கா மட்டும் சிரிக்காமல் மூன்று டயரிலும் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்து, விசேஷமில்லாததைக் காட்டி, "இது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மூன்று பக்கக் கணக்கு தேவைப்பட்ட முடிவு அது.

வெள்ளிக்கிழமை நான்கையும் போட்டோம். வீல் பேலன்ஸ், எலைன்மென்ட் முடித்து, கடையில் வழக்கமாக எல்லாக் கார்களுக்கும் அடிப்பதுபோல முப்பத்திரண்டு பிஎஸ்ஐ காற்று. புத்தகத்தில் 32 என்று எழுதினேன்.

4. சனிக்கிழமை: துள்ளல்

சனிக்கிழமை காலை நானாவுடன் ரத்தோட்டை வரை போனேன். அவ்வளவு தாழ்வான வாகனத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. த்ரீவீலர்காரர்கள் எங்களை மேலிருந்து பார்த்தார்கள். ஒரு நாய் என் கண்ணுக்கு நேராக நின்று பார்த்தது. நாற்பத்தொன்பது வயதில், புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு போனேன்.

ஆனால் முந்தின வாரம் திரும்பி நின்ற அதே வளைவில், ரோடு குண்டும் குழியுமாக இருந்த இடத்தில், காரின் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளி ஒரு சாண் தள்ளி இறங்கியது. நானா என்னைப் பார்த்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது. புது டயரில் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

"இன்னிக்கு நீங்க பக்கத்துல. நாளைக்கு அவ. ஒரு சாண் போதும் மிஸ், அவளுக்கு."

பத்துக் கிலோமீட்டர் ஓடினோம். துள்ளல் அப்படியே இருந்தது. கடைக்குத் திரும்பி வந்து யோசித்தேன். சைஸ் சரி, வயது சரி, பேலன்ஸ் சரி. என் பக்கத்தில் நான் எழுதிய எண்களில் எங்கும் பார்த்து எழுதாதது ஒன்றே ஒன்றுதான்: 32. அது அந்தக் காரின் எண் இல்லை, எங்கள் பழக்கத்தின் எண். காரின் எண் கதவுத் தூண் லேபிளில், பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது.

யார் எடுப்பது? இது இந்துக்களின் சாமி, தான் கைவைப்பது முறையில்லை என்றார் நானா. சுனில் சிங்களத்தில், கண தெய்யோ (பிள்ளையாருக்கு அவர்கள் சொல்லும் பெயர்) மேல் கைவைத்தால் நாளை மலையில் பஞ்சராகி நிற்கப்போவது நானாவாக இருந்தாலும் பழி தன்மேல்தான் வரும் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பயம்தான். கையைக் கழுவிக்கொண்டு, சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஸ்டிக்கர் மேல் வைத்து வைத்து எடுத்தேன். அவருடைய தும்பிக்கை நுனி கிழியாமல் உரிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் நானா மூச்சுக்கூட விடாமல் டோர்ச் பிடித்தார்.

லேபிள் ஜப்பான் மொழியில் இருந்தாலும் எண்கள் எங்களுடைய எண்கள்தான். 195/50 R15. கீழே 180. அது கிலோபாஸ்கல் கணக்கு. பிஎஸ்ஐக்கு மாற்றினால் இருபத்தாறு. கனமான கார்களுக்கு ஏற்ற காற்றைச் சப்பாத்துக்கு அடித்திருந்தேன். உப்பிய டயரில் ஒரு பாரமில்லாத கார், குழிக்குக் குழி பந்து மாதிரி துள்ளியிருக்கிறது. 32ஐ அடித்துவிட்டு 26 என்று எழுதினேன். முதல் அடித்தல்.

5. ஞாயிற்றுக்கிழமை

காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் எல்லோரும் இருந்தோம். நானா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஃபரீனா அக்கா வேனிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"எறங்குங்க. டயர் தேர்ந்தது நான், போட்டது மிஸ். நாங்க போறோம். நீங்க வேன்ல வீட்டுக்குப் போய்ப் புள்ளைகள கூட்டிட்டு வாங்க."

நானா வியாழக்கிழமை இறங்கிய அதே மூன்று கட்டங்களில் இறங்கினார்.

ரத்தோட்டையை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை மூடினோம். அந்த வளைவு வந்தது. ஃபரீனா அக்காவின் உதடு அசைந்தது. ஓதினாரா, எனக்கு ஏசினாரா தெரியாது. நான் சீட்டின் அடியைப் பிடித்தேன். கார் குழிகளில் இறங்கி ஏறி, வளைவைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்தது. ஃபரீனா அக்கா வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார்.

"மிஸ், இன்னொருக்கா அதுலயே போய்ப் பாப்பமா?"

திரும்பிப் போனோம். மறுபடி வந்தோம். மூன்றாம் தடவையில் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைவுக்கு வளைவு "வருது, வருது" என்று அவர் சொல்ல, நான் கணக்கு வைத்துக்கொண்டு போனேன். பதினேழாவதில் எனக்கும் சிரிப்பு வந்து எண்ணிக்கை தவறிவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேகம் ஒன்றும் பெரிதில்லை. அந்தக் காரில் முப்பதில் போனாலே பறப்பது மாதிரி இருக்கும்.

ரிவர்ஸ்டன் உச்சியில் பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து வேன் வந்தது. நான்கு பிள்ளைகளின் முகங்களும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. நானா இறங்கி நேராக மனைவியிடம் வந்தார்.

"வழுக்கிச்சா?"

"இல்ல."

"அப்ப கார் நிக்குமா?"

"கார் நிக்கும். சாவி என்கிட்ட நிக்கும்."

நானா சாவிக்காக நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதே கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்.

இந்தப் பக்கத்தைக் காட்டும்போது நான் சொல்வது இதுதான். டயரைத் தேர்வது சைஸோடு முடிவதில்லை. அதற்குள் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் தேர்கிறோம். அந்த எண்ணைக் கடைப் பழக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது, காரிலிருந்து எடுக்க வேண்டும். லேபிளை எது மறைத்திருந்தாலும் மரியாதையாக விலக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையாரை நான் வீணாக்கவில்லை. எங்கள் கொம்ப்ரஸர்மேல், மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காற்றடிக்கக் குழாயை எடுக்கிறவர்கள் அவரைப் பார்த்ததும், ஒரு நிமிடம் நின்று, காரின் கதவைத் திறந்து பார்க்கிறார்கள்.

போன மாதம் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப்போட அந்தக் கார் வந்தது. ஃபரீனா அக்கா ஓட்டி வந்தார், நானா பக்கத்துச் சீட்டில். நான் புத்தகத்தைத் திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் நிஸார் என்றிருந்ததை ஒரே கோட்டால் அடித்து ஃபரீனா என்று எழுதினேன். இரண்டாவது அடித்தல் அது. நானா கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பென்சில்லயாவது என் பேர கீழ எழுதி வைங்க மிஸ்."

எழுதி வைத்திருக்கிறேன்.