பூவாடைக்காரியின் பெயர்

ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் ஒரு புடவை கூடுதலாக எடுப்போம். கூடத்தில் பலகை போட்டு, செம்பில் நீர் வைத்து, அந்தப் புடவையை மடித்துச் சாத்தி, மஞ்சள் குங்குமம் பூ வைத்துக் கும்பிடுவோம். பூவாடைக்காரிக்குப் படைப்பது என்று சொல்வார்கள். தாலியோடு செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுகிறாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பூவாடைக்காரி என் அப்பாவைப் பெற்றவள். இந்த வருடம் புடவை எடுக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது.

அப்பாவுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். தாத்தா அடுத்த வருடமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். வந்தவள் அப்பாவை நன்றாகத்தான் வளர்த்தாள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூத்தாளுக்குப் பயந்தாள். பயந்து பயந்து படையல் போட்டாள். மூத்தாளின் பெயரை மட்டும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பூவாடைக்காரி, பூவாடைக்காரி என்றே எண்பது வருடம் ஓடிவிட்டது. பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுடைய பிறந்த வீட்டாரோ, இரண்டாம் கல்யாணத்தோடு உறவை முறித்துக்கொண்டு போனவர்கள்.

அப்பாவின் ஜாதக நோட்டில் அந்தப் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்து வயதில் ஒரு தடவை படித்திருக்கிறார். படித்ததை மறந்துவிட்டார், நோட்டு இருக்கும் இடத்தை மறக்கவில்லை. அதுதான் பெட்டியில் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தோம். நோட்டு கைப்பிடிச் சேறாக வந்தது. அப்பா அதைக் கூரைமேல் காயவைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தார். நீல நிறம் இருந்தது, எழுத்து இல்லை.

இதில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. தாயார் பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், "பேர் பொருந்தலையே" என்று திருப்பித் தள்ளிவிடுவேன். எத்தனை பிள்ளைகள் அந்த ஜன்னலில் அழுதிருக்கிறார்கள். ஒரு நாளும் இளகியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அப்படி, என் வீட்டிலேயே ஒரு தாயாரின் பெயர் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

போன வருடம் அப்பாவின் இதயம் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். அம்மாவும் தாலியோடு போய் அதே படையலில் சேர்ந்துகொண்ட பிறகு வீட்டில் நானும் அவரும்தான். ஒரு நாள் காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேல போனா அவள இன்னான்னு கூப்புடுவேன்?"

"யாரப்பா?"

"பூவாடக்காரிய."

"அம்மான்னு கூப்புடு, வேற என்னான்னு கூப்புடுவ?"

"அம்மான்னு கூவுனா அங்க கீற பொம்பளைங்க அத்தினி பேரும் திரும்பிப் பாப்பாளுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் பேருந்துக் கழகத்தில் டைம்கீப்பராக இருந்தவர். பொங்கல் தீபாவளிக்குப் பெருங்களத்தூரில் சிறப்புப் பேருந்து டியூட்டி போடுவார்கள். ஜிஎஸ்டி சாலை முழுக்க மூட்டையும் பெட்டியுமாக ஜனம் நிற்கும். அதில் பிள்ளை தொலைவது வருடா வருடம் நடப்பது. தொலைந்த பிள்ளையை அப்பாவின் மேசைமேல் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது, "அம்மா பேரு இன்னாடா கண்ணு?" அது தெரியாத பிள்ளைகளும் உண்டு. அப்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி அறிவிப்பார், எங்கிருந்தோ ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடிவருவாள். எண்பத்து மூன்று வயதில் தானே அந்த மேசைமேல் உட்காரப்போவதாக அவருக்குத் தோன்றிவிட்டது போலும்.

காகிதத்தில் இல்லாதது உண்டா என்று நான் கிளம்பினேன். அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பு எழுதியது கணக்குப்பிள்ளை. அந்தப் பதிவேடுகள் கைமாறிக் கைமாறி இப்போது ஒரு சர்க்கார் அலுவலகத்தின் பின்கட்டில் துணிமூட்டைகளாக இருக்கின்றன. அங்கே ஓய்வுக்கு ஒரு வருடம் மிச்சமிருந்த உதவியாளர் ஒருவர் எனக்கு மூட்டைகளை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் செத்த சமயத்து இறப்புப் பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தது, அதனால் அப்பாவின் பிறப்பைத் தேடினேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி வாத்தியார் போட்டது, அதை நம்ப முடியாது. அந்த வருடத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். அப்பாவின் பெயர் எங்கள் ஊர்க் கணக்கில் அபூர்வமானது, குப்பையைக் குறிக்கும் பெயர். அதனால் தப்பவிடவில்லை. வாத்தியார் போட்ட தேதிக்கு ஒன்றரை வருடம் முந்தைய பக்கத்தில் கிடைத்தது.

குழந்தையின் பெயர் சரி. தகப்பனார் பெயர் சரி. தாயார் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் என் முகம் சூடாகிவிட்டது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் புட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாளின் பெயர் அது. எனக்குப் பத்து வயது வரைக்கும் உயிரோடு இருந்தாள். தீபாவளிக்கு அப்பா அவளுக்கு ஒரு புடவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலில் விழுந்துவிட்டு வருவார்.

உதவியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் படித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மேடம், தாத்தாவுக்கு சின்ன வூடா?"

அவரை அறைந்திருப்பேன். "வேலையப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். இருந்தாலும் பழக்கதோஷம் விடவில்லை, அந்தப் பதிவின் சான்று நகலுக்கு மனு எழுதிக் கொடுத்து, முத்திரையோடு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் தாத்தாவை மனசுக்குள் திட்டினேன். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று முடிவுசெய்தேன். வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்தவுடன் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நிற்காது.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"எங்கப்பன் எமனுக்கே தண்ணி காட்டிக்கினு கீறாரு!"

அப்புறம்தான் சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அவள் வயிற்றின் மேல்தான் எமனுக்குக் கண் என்று ஊரில் பேச்சு. அதனால் நாலாவது பிள்ளையைப் பிறந்த உடனே கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். புட்டுக்காரம்மா, யாரோ போட்டுவிட்டுப் போனதைப் போல, எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து பெற்றவளே ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்றால் எமன் ஏமாந்து போய்விடுவானாம். இந்தக் கதை எனக்குத் தெரியாததல்ல, வாங்கியது புட்டுக்காரம்மாவிடம் என்பதுதான் தெரியாது. அப்பா கோபித்துக்கொண்டால் அம்மாவே, "தவிட்டுக்கு வாங்கின புத்தி எங்க போவும்" என்று கிண்டல் பண்ணுவாள். ஆனால் தாத்தா இந்த நாடகத்தைக் கணக்குப்பிள்ளையின் பதிவேடு வரைக்கும் கொண்டுபோயிருப்பார் என்று யார் நினைத்தது? எமன் அதைப் படித்தாலும் படிப்பான் என்று பயந்திருக்கிறார்.

அப்பா சிரித்து முடித்துவிட்டு, "போவட்டும் வுடு, அவ பேரு இல்லன்னு தெரிஞ்சிபோச்சி இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரிக்குச் சாப்பிடவில்லை.

எனக்கு உறைத்தது மறுநாள் அலுவலகத்தில், யாரோ ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் தாயார் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. தாத்தா மறைத்தது நாலாவது பிள்ளைக்குத்தான். முதல் மூன்றுக்கு எதையும் மறைத்திருக்க மாட்டார். அப்போது அவருக்குப் பயம் வரவில்லை. நான் பெயருள்ள பிள்ளையைத் தேடினேன். அது கிடைத்ததும் பதிவேட்டை மூடிவிட்டேன். அதற்கு முந்தைய வருடங்களைத் திறக்கவே இல்லை.

உடனே ஓடியிருக்கலாம். ஓடினேன், உதவியாளர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். அடுத்த முறை, பின்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், மூட்டைகள் எங்கே என்று தெரியாது என்றார்கள். மூன்று வாரம் போனது. அதற்குள் அப்பாவுக்கு மூச்சு முட்டி, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. சேர்க்கும்போது கேட்ட காகிதங்களோடு, கேட்காத காகிதங்களையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுத்தேன். அந்தப் பிறப்புச் சான்றின் நகலும் அதில் போய்விட்டது. என் புத்தி அப்படி.

மூட்டைகள் திரும்பி வந்ததும் உதவியாளரே போன் செய்து கூப்பிட்டார். அவருக்கும் ஏதோ மனசில் இருந்திருக்கும். "அன்னைக்கு அப்டி பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க மேடம்" என்று சொல்லி, அவரே உட்கார்ந்து புரட்டினார். தாத்தாவின் பெயரில் மூன்று பிறப்பு கிடைத்தது. ஆண், பெண், ஆண். மூன்றுக்கும் நேராகப் பெயரிடவில்லை என்று எழுதியிருந்தது. இறப்புப் பதிவேட்டிலும் மூன்றும் இருந்தன. ஒன்பது நாள், மூன்று நாள், ஒரு மாதம் சொச்சம். அந்த ஒரு மாதத்துப் பிள்ளைக்கும் பெயர் வைக்கத் துணியவில்லை. மூன்று பிறப்பிலும் தாயார் பெயர் இருந்தது, கணக்குப்பிள்ளையின் கூட்டெழுத்தில், ஒரே பெயர், சந்தேகத்துக்கு இடமில்லாமல். உதவியாளர் உரக்கப் படித்தார். எண்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை முதலில் சொன்னது அவர்தான்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அப்பா கேட்டு வாங்கியது.

நான் போனபோது அப்பா மூக்கில் குழாயோடு விழித்திருந்தார். காதருகே குனிந்து சொன்னேன். அவர் உதட்டை அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தார், இரண்டு மூன்று தடவை. சந்தோஷப்படுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மத்த மூணு பேரு பேரு இன்னா?"

"அதுங்களுக்குப் பேரு வைக்கலப்பா."

"ஒண்ணுத்துக்கும் கூடவா?"

"இல்லப்பா."

கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். அப்புறம் சொன்னார்.

"அப்ப அவளுக்குக் கூப்புட்றதுக்குன்னு கீறது நான் ஒருத்தன்தான்."

நான் வெளியே வந்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். யாரோ ஒரு பெண் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அழுது முடித்து உள்ளே போனபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம் அவர் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, இறப்பைப் பதியும் படிவத்தை நிரப்பினேன். இறந்தவரின் தாயார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நிறுத்தி நிதானமாக ஒரு பெயரை நான் எழுதியதில்லை. ஜன்னலில் கொடுத்தேன். உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். படிவத்தையும் ஆஸ்பத்திரிக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பேர் பொருந்தலையே மேடம்."

"சர்டிபிகேட்ல இருக்கறது தப்பும்மா. அவங்க புட்டு விக்கறவங்க."

"நீங்க சொன்னா ஆச்சா? ப்ரூஃப் இருக்கா?"

கைப்பையில் மூன்று பிறப்புகளின் நகல்கள் இருந்தன. எடுத்துக் காட்டினேன். அவள் பொறுமையாகத்தான் படித்தாள்.

"இதுல உங்க அப்பா இல்லையே மேடம். இது வேற மூணு குழந்தைங்க."

அவள் சொன்னது சரி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இவ்வளவு பொறுமைகூட இருந்திருக்காது. எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அடித்துத் திருத்தக்கூடாது என்று அவள் புதுப் படிவம் ஒன்று கொடுத்தாள். ஓரமாகப் போய்ச் சுவரில் வைத்து மறுபடி நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் புட்டுக்காரம்மாவின் பெயரை எழுதினேன். பொருந்திவிட்டது, வாங்கிக்கொண்டாள்.

அரசாங்கக் கணக்குப்படி பூவாடைக்காரிக்குப் பிறந்தது மூன்று, செத்தது மூன்று. பிழைத்த பிள்ளை இல்லை, பேத்தியும் இல்லை. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்தான்.