சிவப்புக்காரனின் பங்காளிகள்

சிவப்புப் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கும் அந்தப் பையனை உலகத்துக்கே தெரியும். பெயரைச் சொல்லி நான் அவனுக்குப் புதிதாகப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை. என் கட்சி வேறு. அவனைப் பார்த்து அவனைப் போலவே வரையப்பட்டு, இரண்டு மூன்று புத்தகங்களில் பறந்துவிட்டுக் காணாமல் போனார்களே சில பையன்கள், நான் அவர்கள் பக்கம். அவர்கள் பெயர் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு அன்றைக்கே தெரியாது. எங்கள் சந்தில் அந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது. பச்சை, மஞ்சள், ஊதா என்று உடுப்பின் நிறத்தை வைத்துத்தான் அவர்களைக் கூப்பிட்டோம்.

அந்தச் சந்து ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்புறம் இருந்தது. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் ஓவர்டைம் என்று சொல்லி ராத்திரி வீட்டுக்கு வரமாட்டார். எங்களோடு இருந்த சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கப்பலின் ஓரமாகக் கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, துருவைச் சுரண்டி, சாயம் பூசிவிட்டு வருவார். அன்றைக்கு எந்தக் கப்பலோ அதன் நிறம் அவர் நகக்கண்ணில் இருக்கும். மாலுமிகள் படித்துவிட்டு எறிந்த படப் புத்தகம் அவர் இடுப்பில் இருக்கும்.

அசல் பையனின் புத்தகங்கள் சித்தப்பா கைக்குக் கிடைக்கவே இல்லை. அவை எதிர்வீட்டு ரயில்வே கார்டின் மகனிடம் இருந்தன. அவன் அவற்றை டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் காட்டுவான். என்னிடம் சேர்ந்ததெல்லாம் போலிகள். அதே முகவெட்டு, தோளில் அதே போர்வை, இடுப்பில் அதே வார். பச்சைக்காரனுக்கு நெற்றியில் ஒரு நட்சத்திரம். மஞ்சள்காரனுக்குச் செருப்பில் இறக்கை. ஊதாக்காரனுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, பாவம். ஆனால் அவன் ஒரு பாலத்தையே முதுகில் தாங்கினான்.

எனக்கு அவர்களை ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. அசல் பையனுக்கு அவசரமே கிடையாது. முதல் நாலு பக்கம் பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். எப்படியும் நம்மைப் படிப்பார்கள் என்ற தெம்பு. போலிகளுக்கு அந்தச் சொகுசு ஏது? முதல் பக்கத்திலேயே எரிகிற கட்டடத்துக்குள் புகுந்தாக வேண்டும். மட்டமான காகிதம். கோட்டைத் தாண்டி வழிகிற சாயம். ஒரு படத்தில் இருக்கிற நட்சத்திரம் அடுத்த படத்தில் இருக்காது. அவ்வளவு குறையோடும் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். தங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று தெரிந்தும் பறந்தார்கள். பின்னாளில் விசாரித்துப் பார்த்தேன். அவர்களை அச்சடித்த சின்னக் கம்பெனிகள் சீக்கிரமே மூடிவிட்டனவாம். அதற்குப் பிறகு அந்தப் பையன்களை யாரும் தேடவில்லை.

கார்டின் மகன் அவர்களுக்கு ஒரே வார்த்தைதான் வைத்திருந்தான். டூப்பு. அந்த வழக்கு ஒருநாள் சித்தப்பாவிடம் வந்தது. அவர் என் பச்சைக்காரனையும் கார்டின் மகன் கொண்டுவந்த சிவப்புக்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"டூப்புன்னு எவன்டா சொன்னான்? துணியப் பாரு, துணிய. ஒரே தான் துணில வெட்டினது. சாயந்தான் வேற. ஒரே வூட்டுப் புள்ளைங்கடா. பங்காளிங்க."

எங்களுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியிருக்கவில்லை. தீபாவளி வந்தால் அப்பா வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு தான், அதாவது ஒரு சுருள் துணியை, முழுசாகத் தூக்கிக்கொண்டு வருவார். அதில்தான் அவருக்குச் சட்டை, சித்தப்பாவுக்குச் சட்டை, எனக்குச் சட்டை, தங்கைக்குக் கவுன். மிச்சத்தில் தலையணை உறை. பாதி சந்தில் இதே வழக்கம்தான். விலை சகாயம், உனக்கு நல்லது எனக்கு மட்டம் என்ற சண்டையும் கிடையாது. ஒரு தடவை திருவொற்றியூர்க் கோயில் கூட்டத்தில் தங்கை தொலைந்துபோனாள். யாரோ ஒரு பெரியவர் அவள் கவுனைப் பார்த்து, அப்பாவின் சட்டையைப் பார்த்து, பெயர்கூடக் கேட்காமல் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரே துணி என்றால் ஒரே வீடு. போர்வைக்காரப் பையன்கள் விஷயத்தில் மட்டும் அது எப்படிப் பொய்யாகும்?

அந்த வருடம் ஆடி மாதம் அப்பாவின் ஓவர்டைம் திடீரென்று நின்றுபோனது. தினமும் வீட்டுக்கு வந்தார். வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு பையனை அழைத்துவந்தார். என்னைவிடச் சில மாதம் இளையவன். ஒல்லி. "தோஸ்து புள்ள. காசிமேட்ல கீறான். படம் பாக்கணும்னான்" என்றார். எங்கள் வீட்டு ஆண்களுக்குக் காது விடைத்துக்கொண்டிருக்கும், பறப்பதற்கென்றே வைத்த காது என்று சித்தப்பா கேலி செய்வார். இவனுக்கும் அப்படித்தான் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வாசலுக்கு வந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அவன் தண்ணீர் கேட்டபோது டம்ளரை என்னிடம்தான் கொடுத்தனுப்பினாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் வா என்று அவனைக் கூப்பிடவில்லை. சாப்பிட வா என்று நாலு பேரை இழுத்து உட்காரவைக்கிறவள் அவள்.

அவனுக்குப் பச்சைக்காரனைத்தான் பிடித்தது. அட்டை கிழிந்துபோன அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை எழுத்துக்கூட்டுவதுபோல விரலால் தடவுவான். ஒருநாள் சித்தப்பாவிடம், "பச்சைக்கு அப்பா யாரு?" என்று கேட்டான். சித்தப்பா நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்துவிட்டு, "செகப்புக்கு யாரோ அவருதான்" என்றார். அதிலிருந்து அவனுக்கு எங்கள் கூட்டத்தில் பச்சை என்றே பெயர் நின்றது.

ஆனால் ஆட்டத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. சந்தின் கோடியில் ஒரு குட்டிச்சுவர், கீழே மணல். தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரிலிருந்து குதிப்பதுதான் பறக்கிற ஆட்டம். சுவருக்குக் கார்டின் மகன் எஜமான்.

"யார் வூட்டுப் புள்ளடா நீ?" என்று கேட்டான் அவன்.

பச்சை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இந்தச் சந்துல வூடு கீறவன்தான் செவுத்துல ஏறலாம். நீ அப்பால போ."

பச்சை தள்ளிப் போய் உட்கார்ந்து, நாங்கள் குதிப்பதைப் பார்த்தான். அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். காசிமேட்டிலிருந்து நடந்தே வந்து, எங்கள் வாசலில் தண்ணீர் குடித்து, சுவரடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவான். அவன் இடத்தில் நானாக இருந்தால் இரண்டாம் வாரமே கல்லெறிந்துவிட்டு ஓடியிருப்பேன். அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை வரவில்லை.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. தீபாவளி நெருங்கிய சமயம், நெத்திலி மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் வழக்கைச் சொன்னேன்.

"பச்ச டூப்பு இல்லம்மா. அவனும் செகப்பும் ஒரே வூடு. சித்தப்பாவே சொன்னாரு."

"ஒங்க சித்தப்பாவுக்கு வேற வேல இன்னா கீது" என்றாள்.

நான் விடுகிறவனா? எங்கள் வீட்டில் துணியைப் பிரித்து, இது இவனுக்கு, இது அவளுக்கு என்று தையல்காரரிடம் சொல்வது அம்மாதான். அந்த அறிவை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். "செகப்போட அம்மாதாம்மா எல்லாத்துக்கும் சேத்து வெட்டிக் குடுத்துகீறாங்க. இல்லாங்காட்டி பச்சைக்கு ஏது அந்தத் துணி?"

மீனைக் கிள்ளிய கை நின்றது. அம்மா கேட்டாள்.

"ஏன், அதுக்கு அம்மா இல்லியா?"

"ஆடி மாசம் செத்துப் பூட்டாங்களாம். ஜொரம். பச்சதான் சொன்னான். இப்ப அவங்க சித்தி சோறு போடறாங்களாம்."

புத்தகத்தில் அப்படி ஒரு படமே இல்லை என்பதும், போர்வைக்காரர்கள் ஊரில் ஆடி மாதம் கிடையாது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. எந்தப் பச்சையைப் பற்றிக் கேட்டாள், எந்தப் பச்சையைப் பற்றி நான் சொன்னேன் என்று எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் வாடை பட்டு எரிகிறது என்றாள்.

துணி வந்தது. வெள்ளையில் ஊதாக் கோடு. தையல்கார பாய் வந்து அளவெடுத்தார். அப்பா அன்றைக்கு வேலையில் இருந்தார்.

"ஒரு சட்ட சேத்து வெட்டு பாய்" என்றாள் அம்மா. "இவன் அளவே போதும். தோள்ல மட்டும் ஒரு விரக்கட கம்மி பண்ணு."

எனக்கு இரண்டு சட்டை என்று நான் சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது சட்டையில் என் தோளளவை மட்டும் அவள் ஏன் குறைத்தாள் என்று யோசிக்கவில்லை. அந்தப் பையனை நேராக ஒரு முறைகூடப் பார்க்காததுபோல் இருந்தவள், அவன் தோள் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருந்தாள். அந்த முடிவுக்கு வருவதற்குள் அவள் எத்தனை முறை அழுதாள், அப்பாவிடம் என்ன கேட்டாள், கேட்டாளா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணிடம் இவ்வளவு பெரிய மனதை எதிர்பார்ப்பதே அநியாயம் என்று நினைக்கிறவன் நான். யாரும் எதிர்பார்க்காமல் அவளாகச் செய்தாள். பாலத்தை முதுகில் தாங்கிய ஊதாக்காரனை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவளுக்குப் பிறகுதான்.

தீபாவளியன்று விடிந்ததும் சித்தப்பா காசிமேட்டுக்குப் போய்ப் பச்சையை அழைத்துவந்தார். அவன் வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே நின்றான். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னா அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா. எண்ண ஆறிப்போவுது."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா வேறு எங்கோ பார்த்தார். பிறகு அவன் படியைத் தாண்டினான். எனக்குத் தேய்ப்பதுபோலவே முரட்டுத்தனமாக அவன் தலையிலும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, கதறக் கதறக் குளிப்பாட்டினாள். அந்த இரண்டாவது சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சுவரடிக்குப் போனோம். கார்டின் மகன் பச்சையின் சட்டையைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான், பீடி பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற சித்தப்பாவின் சட்டையையும் பார்த்தான். எல்லாம் ஊதாக் கோடு. அவன் வீட்டிலும் ஒரு தான் துணிதான். சுவரிலிருந்து இறங்கி, "ஏறிக்கோ" என்றான். பச்சை ஏறினான். குதிக்கத் தயங்கவில்லை. மணலில் விழுந்து எழுந்தபோது முழங்காலில் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. அவன் என் தம்பி என்பது அந்தச் சந்தில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

பசியோடு வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா எண்ணெய்க் குளியலை முடித்துப் புதுச் சட்டையோடு கறி வாங்கப் போயிருந்தவர், வந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா இலைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். அப்பா, சித்தப்பா, நான், என் பக்கத்தில் பச்சை. அப்பா நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவள் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை.

"அப்பா இன்னாத்துக்கும்மா மறுபடியும் குளிக்கிறாரு?" என்று கேட்டேன்.

"சீக்கா கண்ல பூந்துகினு கீது" என்றாள் அம்மா. "நீ துன்னு."

சொல்லிவிட்டுப் பச்சையின் இலையில் இன்னொரு இட்லி வைத்தாள். சீயக்காய் என் கண்ணிலும் பட்டிருக்கிறது, இவ்வளவு நேரம் எரிந்ததில்லை. பெரியவர்களுக்குக் கண் பெரிது, அதனால் கூட எரியும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.