குழிக்கு எட்டாத அலகு

என் நாத்தனாரை அவள் வேலை செய்யும் இடத்தில் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை. வெளியிலிருந்து வரும் செத்த பூச்சிகளை ஊசியில் குத்த வேண்டும். ஊசி தாங்காத சிறிசுகளை அட்டை நுனியில் ஒட்ட வேண்டும். ஒடிந்து விழுந்த காலையும் உணர்கொம்பையும் திரும்ப அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். “அங்க மேஸ்திரி கத்துவாரு. இங்க யாரும் கத்தறதில்ல அண்ணி, எல்லாம் செத்துக் கெடக்கு” என்பாள்.

அவள் புருஷன் கரப்பானைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிவிடுவார். ஜாடிக்கேற்ற மூடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூடி இருபது வருடமாகக் கழன்று விழாமல்தான் இருக்கிறது.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரில் கரையும் பசையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். கெட்டியான பசை வாங்கித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “பிரிக்க முடியாதபடி ஒட்டறதுக்கு இதென்ன கல்யாணமா அண்ணி?” என்றாள்.

இந்த மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை ஒடித்துக்கொண்டாள். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவள். ஆகவே குடும்பத்தில் யாருக்கு எது ஒடிந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்தான் போக வேண்டும். போனேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன், விரல் நுனிகள் சில்லிட்டிருக்கின்றனவா என்று பார்த்தேன், ஊன்றுகோலின் உயரத்தைச் சரிசெய்தேன்.

மூன்றாம் வாரம் அவளுடைய ஆராய்ச்சியாளர் மேடம் ஆரஞ்சுப் பழத்தோடும் பெரிய படம் ஒன்றோடும் வந்தார். வயதில் சின்னவர், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, நம்ம கொலைகாரன் புது இனம்தான். கட்டுரை எழுதி முடிச்சுட்டேன், இந்த வாரம் அனுப்பறேன்.”

“கொலைகாரனா?” என்றேன்.

கொலைகார நாவாய்ப்பூச்சி என்று ஒரு வகை இருக்கிறதாம். மற்றப் பூச்சிகளைப் பிடித்து, ஊசி மாதிரி இருக்கும் அலகால் குத்தி, எச்சிலை உள்ளே ஏற்றுமாம். உள்ளே இருப்பதெல்லாம் கூழாகிவிட, பிறகு உறிஞ்சிக் குடித்துவிடுமாம்.

“நாங்க பல்லு போனவங்களுக்கு மசிச்சு, ஸ்ட்ரா போட்டுக் குடுக்கற மாதிரி” என்றேன்.

“அதேதாம்மா. என்ன, இது கேட்டுட்டுக் குடிக்காது” என்று சிரித்துவிட்டுப் படத்தை விரித்தார். கண்ணுக்குப் பின்னால் கழுத்துப்போல் ஒடுங்கும் நீளத் தலை. வில்லாக வளைந்த அலகு. தோளில் இரண்டு முள். அடிப்பக்கத்தைத் தனியாக வரைந்திருந்தார்கள். முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு குழி, அதில் நெருக்கமான வரிகள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் அலகு நுனியை அந்தக் குழியில் வைத்துத் தேய்த்துச் சத்தம் எழுப்புமாம்.

“இதுல மட்டும் அலகு குழிக்கு எட்டவே இல்ல. அதையே தனி அடையாளமா எழுதியிருக்கேன். இன்னொண்ணு அக்கா, இதுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்.”

நாத்தனார் கன்னம் சிவக்கச் சிரித்தாள். பிறகு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேடம் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். முகத்தைப் பார்த்து வலியைத் தெரிந்துகொள்வதுதானே என் பிழைப்பு.

மேடம் போன பிறகு டீ ஆறிக்கொண்டிருந்தது.

“கால் வலிக்குதா?”

“இல்ல.”

“பின்னே என்ன? விழுங்காம சொல்லு.”

சொன்னாள். காய்ந்து விறைத்த பூச்சிகளை இளக வைக்க ஈரப்பெட்டியில் போடுவார்களாம். ஒரு தடவை விடுமுறையின்போது மறந்துவிட்டாள். திறந்தபோது இரண்டு கொலைகாரர்களின் தலை கழன்று கிடந்தது. ஒன்று இந்தப் பூச்சி, இன்னொன்று சாதாரண இனம். நிறமும் ஜாடையும் அண்ணன் தம்பி மாதிரி.

“பாத்துதான் ஒட்டினேன். பாத்தேன்னு நெனச்சேன். எட்டாத அலகு எந்தக் கொலைகாரனுக்கு இருக்கு அண்ணி? தலை மாறியிருக்கு.”

அவள் புருஷன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, உன் பேரை வச்ச சேதியத் தெரு பூராச் சொல்லிட்டேனே!”

“அதுக்குள்ளயா?”

“மேடம் செருப்பு மாட்டறதுக்குள்ள.”

நான் அவளைத்தான் கேட்டேன். “சொன்னா என்ன ஆகும்?”

“புது இனமே இல்லன்னு ஆனாலும் ஆகும். பேரும் போயிரும்.”

“சொல்லலேன்னா?”

கொஞ்சம் யோசித்தாள். “எங்கயோ ஒருத்தன் இந்தப் படத்த வச்சுக்கிட்டு, ஆயுசு பூரா அந்தப் பூச்சியத் தேடுவான். கெடைக்கவே கெடைக்காது.”

“அப்ப போனை எடு” என்றேன்.

எடுத்தாள். மென்று விழுங்காமல் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து, “நாளைக்கு வாங்க அக்கா, பிரிச்சுப் பாத்துடுவோம்” என்று மட்டும் கேட்டது.

மறுநாள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நாஃப்தலின் வாசனை அடிக்கும் நீள அறை. அவள் காலை ஸ்டூலில் ஏற்றி வைத்தேன். நுண்ணோக்கியின் கீழே பூச்சியை வைத்து, தூரிகை நுனியால் வெந்நீர்ச் சொட்டைக் கழுத்தில் விட்டாள். சற்றுப் பொறுத்ததும் தலை தானாக நகர்ந்தது. கெட்டிப் பசையாக இருந்திருந்தால் தலையும் போயிருக்கும், கழுத்தும் போயிருக்கும். இன்னொரு பூச்சிக்கும் அதேபோல் செய்து, இரண்டு தலைகளையும் மாற்றி வைத்தாள்.

“அண்ணி, நீங்களே பாருங்க.”

பார்த்தேன். இரண்டிலும் அலகு நுனி குழியில் போய் அமர்ந்திருந்தது, கட்டிய பல் வாயில் பொருந்துகிற மாதிரி.

மேடமும் பார்த்தார். அதே பூச்சியின் ஊசியில் செருகியிருந்த ஒரு துளிக் குப்பியைக் கழற்றினார். ஆண் பூச்சியின் வால் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு பாகம் இருக்குமாம், அதில் இரண்டு கொக்கிகள். ஒவ்வொரு இனத்துக்கும் கொக்கியின் வடிவம் வேறு, பூட்டுக்கேற்ற சாவி போல. அதை அவர் கையாலேயே இந்த உடம்பிலிருந்து எடுத்திருந்தார். அதைத் திரும்ப ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கொக்கி வேற எந்த இனத்துக்கும் இல்ல. தோள்முள்ளும் இந்த உடம்போடதுதான்” என்று நிமிர்ந்தார். “இனம் புதுசுதான் அக்கா. தலையப் பத்தின பாராவ மட்டும் திரும்ப எழுதணும், படத்தத் திரும்ப வரையணும். எட்டலைன்னு பாத்ததுமே நானும் சந்தேகப்பட்டிருக்கணும். புதுசு கெடைச்ச சந்தோஷத்துல அதையே பெருமையா எழுதிட்டேன்.”

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றேன்.

“மேடம், அந்தப் பேரு... வேண்டாமே. தலைய மாத்தி ஒட்டினவ பேரு எதுக்கு?”

“தப்பைத் தானா முன்வந்து சொன்னவங்க பேருதான் இது. பேசாம ஒட்டுங்க. இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிக்கறேன்.”

ஒட்டினாள். அன்றிலிருந்து கழன்ற தலையை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஒட்டுவது என்று அங்கே வழக்கமாகிவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்த வாரத்தில் புதுப் படம் வந்தது. குழியில் அலகு நுனி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கீழே அவள் பெயர், நீட்டி முழக்கி, கடைசியில் ஏதோ லத்தீன் வால் சேர்த்து. அவள் புருஷன் வாய்க்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்போனார். பூச்சியைத் தொட்டுவிடாமல் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார்.

“அந்தக் கெட்டி டேப் வேண்டாங்க” என்றாள் அவள், சோபாவிலிருந்தே. “பிரிக்க வர்ற மாதிரி ஒட்டுங்க.”