ஒற்றை இருக்கை

முதலில் முழங்கையைத்தான் மாவுக்குள் விடுவாள். கைக்குழந்தையின் வெந்நீரைப் பதம் பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு. "ம், இப்ப படுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எவரும் தொட்டியில் இறங்கலாம். அதுவரை எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் வெள்ளை உள்ளுடையோடு ஓரமாக நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாவுக்கட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் உடைந்த கைகால்களுக்குக் கட்டுப் போட்டவள். விண்வெளிக்கு ஆள் அனுப்பும் தனியார் கம்பெனி ஒன்று அவளைத் தேடிவந்து அழைத்துக்கொண்டது. ராக்கெட்டில் போகிறவரின் இருக்கை அவர் முதுகோடு அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கலம் அதிரும்போது முதுகெலும்பு போய்விடும். ஆளை மாவில் படுக்கவைத்து அந்த அச்சை எடுப்பது அவள் வேலை.

முகம் மறந்துவிடும் அவளுக்கு, முதுகு மறக்காது. "அந்த இடது தோள் ஏறினவர் வந்துட்டாரா?" என்றுதான் விசாரிப்பாள். மாவு பட்டதும் கிச்சுக்கிச்சு தாங்காமல் நெளிந்த கோடீஸ்வரரை, "சும்மா படுங்க சார். நீங்க ஆடுற ஆட்டத்துக்கு ஒரு சீட்டுல ரெண்டு பேர் உக்காரலாம் போல" என்று அதட்டியிருக்கிறாள்.

ஓர் அச்சிலிருந்து இரண்டு இருக்கைகள். ஏறிப்போகும் கலத்துக்கு ஒன்று, இறங்கிவரும் கலத்துக்கு ஒன்று. எடையில்லாத இடத்தில் முதுகெலும்பு சற்று நீளும் என்பதால், இரண்டாவதில் தலைமாட்டில் இரண்டு விரற்கடை கூட விடுவாள். "போனவங்க வளந்துதான் வருவாங்க" என்பாள், பிள்ளைகளை விடுமுறைக்கு அனுப்பியவள்போல.

அன்று வந்த தாளில் 'இருக்கை: ஒன்று' என்றிருந்தது. பயணியின் பெயர் இல்லை, எண் மட்டும். யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்று ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ரெண்டாவது சீட்டை விட்டுட்டீங்களே?"

"விடலக்கா. இவங்க செவ்வாய்க்குக் குடியேறப் போறவங்க. ஒண்ணு போதும்."

"அப்ப திரும்பி வர்றப்ப?"

"அதுக்கு எரிபொருளை அங்கயே தயாரிக்கணும்க்கா. முடியுமான்னே இன்னும் தெரியல."

போனை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். கதவு திறந்தது. உள்ளே வந்தது அவள் தங்கை. இதே கம்பெனியில் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் பிரிவில் இருப்பவள். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள். வழியெல்லாம் தங்கை தன் பல்வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

"நீ எங்கடி இங்க? ஆள் வர்ற நேரம்."

"நான்தான்க்கா ஆள்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் தங்கை போட்டிருந்த வெள்ளை உள்ளுடை கண்ணில் பட்டது.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அங்க மூச்சுவிடக் காத்தே கிடையாதாம்!"

"கொண்டு போறோம்."

"தண்ணி?"

"பனிக்கட்டி இருக்கு. உருக்கிக்கலாம்."

"மண்ணுல விஷம்னு நீதானே சொன்னே?"

"அதைக் கழுவி விதைக்கத்தான் என்னை எடுத்திருக்காங்க. நாலு வருஷமா அந்த மாதிரி மண்ணுலதானே வளக்கிறேன்."

"எத்தனை பொழைச்சுது?"

தங்கை சுவரைப் பார்த்தாள். "பாதி."

"காலையில என் முதுகுக்குப் பின்னாடியே உக்காந்து வந்தியே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வண்டியை எதுலயாவது விட்டிருப்பே."

அக்கா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தாள். "நான் எடுக்கமாட்டேன். போ."

"நீ எடுக்கலன்னா வேற யாராவது எடுப்பாங்க. அது சரியா அமையலன்னா உடையப்போறது என் முதுகுதான்க்கா."

எறிந்த கையுறையை அக்கா எடுத்து மாட்டிக்கொண்டாள். தண்ணீரை ஊற்றி மாவைக் கலக்கத் தொடங்கினாள். ஒரு கட்டி இல்லாமல், ஒரு குமிழி இல்லாமல் கலக்கினாள். தங்கை படுத்தாள். ஒரு முதுகு மாவில் அமிழ்வதைப் பார்க்க முடியாமல் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்றுதான்.

மாவு மெல்லச் சூடேறி இறுகியது.

"ஆயிடுச்சாக்கா? எந்திரிக்கட்டுமா?"

இறுகிய பின் ஒரு நிமிடம்கூட ஆளை விட்டுவைக்கக் கூடாது, மாவு ஆளைக் கவ்விக்கொள்ளும். கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அக்கா குனிந்தாள். இரண்டு கைகளாலும் தங்கையின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.