ஐந்தாம் ட்ராக்

போன கிழமை இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று இரண்டு மூன்று பேர் போன் எடுத்துக் கேட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன். பொய். என் மீதே எனக்கு ஆத்திரம்... எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தி எழுத வருவதற்கு முன் நான் கல்முனையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன். கூடத்தை மூடியபோது, யாருக்கும் வேண்டாத ஒரு மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இருபத்திநான்கு ட்ராக் டிஜிட்டல் மெஷின். ஆறு பேர் சேர்ந்து பாடினால் ஆறு மைக், ஆறு ட்ராக். ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பதியும். பிறகு போடும்போது வேண்டிய குரலை மட்டும் திறந்து, மற்றதையெல்லாம் மூடிவிட்டுக் கேட்கலாம்.

பதிவெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். அதை உள்ளே தள்ளிச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் ஸ்டொப். டிஸ்க் சுற்றி ஓயும்வரை பொறுமை. அதற்குப் பிறகுதான் கரண்டை நிறுத்தலாம். ‘ஓடும்போது மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம்’ என்று மெஷினின் முகத்திலேயே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியது யார் தெரியுமா? நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரசீன் என்று ஒருவர். வயல் செய்தவர். நோன்பு காலத்தில் ஒரு பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடுவார். பெரிய பாடகர் என்றெல்லாம் சொல்ல முடியாது. எங்கள் கூடத்துக்கு வந்து நோன்புக்காக ஒரு பாட்டுப் பதிந்தார்கள். அடுத்த மாதமே, சவளக்கடையில் வயலுக்குள் நின்றவரை மின்னல் அடித்துவிட்டது. மகள் ஹம்னாவுக்கு அப்போது எட்டு மாதம்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. வாப்பாவின் படம் இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறது. குரல் மட்டும் இல்லை. அந்தப் பாட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஆறு குரலும் ஒன்றாய்க் கலந்து கிடக்கிறது. எது வாப்பா என்று மகள் கேட்டால், ரசீனின் மனைவி ஜெஸீமாவுக்கே பிரித்துக் காட்டத் தெரியவில்லை. ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்டவர், அண்ணனிடம் கேட்பதுபோல், “உங்கட மெஷின்ல தனியாக் கேக்கலாமாமே காக்கா?” என்று கேட்டார்.

தேடினேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் டிஸ்க் கிடைத்தது. போட்டேன்... ஓடியது! ரசீனின் குரல் பதிந்த ஐந்தாம் ட்ராக்கை மட்டும் திறந்தேன். பாட்டுத் தொடங்குமுன்பே மைக் திறந்திருந்ததால் பேச்சும் பதிந்திருந்தது. ரசீன் தொண்டையைச் செருமுகிறார். பிறகு பக்கத்தில் நின்றவரோடு ஏதோ கதைக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பிறகு கதவடிக்கு வந்து விஷயத்தைக் கேட்ட என் மனைவி, முதலில் அதைப் போனிலாவது பதிந்து வைக்கச் சொன்னார். நான் கேட்டேனா? போன் பதிவும் ஒரு பதிவா என்று சிரித்தேன். முறையாக, கேபிள் போட்டு, சுத்தமாகக் கொப்பி எடுக்க வேண்டும். கேபிள் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். ஆனால் சனிக்கிழமையே ஜெஸீமாவையும் மகளையும் வரச் சொல்லிவிட்டேன். ஏன் அந்த அவசரம்? அவர்கள் முகத்தில் அந்த நன்றியைப் பார்க்கும் ஆசை. வேறென்ன.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார்கள். ஹம்னா பெருநாள் உடுப்பு உடுத்திருந்தாள். உடனே போட்டிருக்கலாம். நான் போடவில்லை. இது மீட்டர், இது மைக் லைன், இந்தச் சிவப்பு எரிந்தால் பழைய பதிவு அழிந்துவிடும் — என்று அந்தப் பிள்ளைக்கு இருபது நிமிடம் பாடம் நடத்தினேன். பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணெல்லாம் ஸ்பீக்கரில்தான்.

கடைசியாக ப்ளேயை அழுத்தினேன். மெஷினின் விசிறிச் சத்தம். மைக்கின் மெல்லிய இரைச்சல். பிறகு ரசீன் தொண்டையைச் செருமினார். ஜெஸீமா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஹம்னா கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

பாங்கு சொன்னால் எங்கள் ஊர்களில் ரேடியோ, டீவி எல்லாம் அடங்கிவிட வேண்டும். நினைத்துச் செய்யும் காரியமல்ல அது. கை தானாகப் போகும். என் கையும் போனது. எங்கே போனது? ஸ்டொப்புக்கு அல்ல. சுவரில் இருந்த சுவிட்சுக்கு. கூடத்தில் மெஷினுக்குத் தனி ப்ளக் இருந்தது. ஸ்பீக்கரை மட்டும் அணைப்பேன், மெஷின் தன் பாட்டுக்கு ஓடும். வீட்டில் இரண்டையும் ஒரே போர்டில் செருகி வைத்தவன் நான்.

தொழுதுவிட்டு வந்து மறுபடி போட்டேன். டிக்... டிக்... டிக். டிஸ்க் இல்லை என்றது மெஷின். காரைதீவில் கம்பியூட்டர் திருத்துபவரிடம் கொண்டு போனேன். கொழும்புக்கும் அனுப்பினேன். உள்ளே தட்டு உரசிப் போயிருக்கிறது, இனி எதுவும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜெஸீமாவின் வீட்டுக்குப் போய், மகளும் இருக்கும்போதே சொன்னேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. “நீங்க முதல்ல கேட்டிருக்கிறீங்கதானே காக்கா. என்ன கதைச்சார்?” என்றார்.

சொன்னேன். இன்னும் ஒருக்காப் பாட வேண்டுமா, கெதியா முடியுங்கடா, புள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிட்டுப் போகணும்... அவ்வளவுதான்.

“எனக்கா காய்ச்சல்?” என்றாள் ஹம்னா.

“ஓம் மகள். உனக்குத்தான்” என்றார் தாய்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “வாப்பா சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க மாமா.”

அந்தக் குரல் என் காதுக்குள் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு. ‘புள்ளைக்கு’ என்னும்போது ஒரு இழுப்பு. சொல்லிப் பார்த்தேன். இரண்டு தரம், மூன்று தரம். என் குரல்தான் வந்தது. போதும் மாமா என்று அவளே சொன்னாள்.

ரசீனின் அந்தக் குரல் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அறுபத்துமூன்று வயது... கொப்பி எடுக்க வழியில்லை.