நாலாவது தூண்குழி

பொன்மணி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கொழுந்தன் பெண்டாட்டி இசக்கிசெல்வி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளையும் அவள் பிள்ளையையும் அழைத்து வந்து, தன் வாடகை வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்கி, மண்வேலைக்குச் சேர்த்துவிட்டது பொன்மணிதான்.

மழை ஓய்ந்ததும் இருவருக்கும் புது மாதிரி வேலை ஒன்று கிடைத்தது. திருப்பூணித்துறை தாண்டி ஒரு மேட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். அதற்கு முன், அங்கே பழங்காலத்து ஊர் ஏதும் இருந்ததா என்று சோதனைக் குழிகள் வெட்டிப் பார்க்க வேண்டும். மேற்பார்வைக்கு வந்த ஆராய்ச்சிக்காரி ஸுப்ரியா பாலக்காட்டுத் தமிழ் பேசினாள்.

முதல் நாளே வினை தொடங்கிவிட்டது. செம்மண்ணில் கறுப்பாக, வட்டமாக ஒரு கறையைக் கண்டு இசக்கி வெட்டுவதை நிறுத்தினாள். ஸுப்ரியா குழிக்குள் குதித்தாள்.

"தூண் ஊன்றின குழியாக்கும் இது! மரம் மக்கிப் போயி நிறம் மட்டும் மிச்சம். உனக்கு நல்ல கண்ணு, இசக்கி."

மம்பட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சின்னக் கரண்டி ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து இசக்கி பந்தல் நிழலில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டினாள். பொன்மணி வெயிலில் வெட்டிச் சுமந்தாள். சாயா வந்தால் ஸுப்ரியா இசக்கியைத்தான் பக்கத்தில் கூப்பிடுவாள். பொன்மணிக்கு வயிறு எரிந்தது. கொச்சி முழுக்கக் கட்டடங்களின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியவள் அவள். ஒருத்தராவது அவள் கண்ணைப் பற்றிப் பேசியதுண்டா? வீட்டில் இசக்கி வைத்த குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரே வரிசையில் மூன்று கறைகள் கிடைத்தன. நாலாவதும் கிடைத்தால் வீட்டின் மூலை தெரிந்துவிடும் என்றாள் ஸுப்ரியா. ஒரு மத்தியானம் அதுவும் இசக்கியின் கரண்டிக்கே தட்டுப்பட்டது. சாப்பிட்டு வந்து படம் எடுக்கலாம் என்று எல்லோரும் மேலேறினார்கள். பொன்மணி மட்டும் பின்தங்கினாள். ஓங்கி இரண்டே வெட்டு. கறை இருந்த இடத்தில் வெறும் மண்கட்டி கிடந்தது.

"யாரோட வேலை இது?" ஸுப்ரியா அந்த மண்கட்டியைக் கையில் எடுத்தாள். "ரெண்டாயிரம் வருஷம் இருந்ததாக்கும். இனி கிட்டுமா?"

பொன்மணியின் மம்பட்டி விளிம்பில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. இசக்கி அதைப் பார்த்தாள்.

"நாந்தான் மேடம். தெரியாம வெட்டிட்டேன்."

பொன்மணிக்கு ஆத்திரம் பொங்கியது. கெட்டிக்காரி என்ற பேர் போதாதென்று, நல்லவள் என்ற பேரும் இவளுக்கேவா?

"பொய் சொல்லாதட்டி! வெட்டுனது நான். பொறுக்கமாட்டாமத்தான் வெட்டுனேன்."

ஸுப்ரியா வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, மம்பட்டி பட்டுச் சிதைந்தது என்று எழுதினாள். பொன்மணியை வெட்டுவதிலிருந்து விலக்கி மண் சலிக்க அனுப்பினாள்.

திரும்பும் வண்டியில் பொன்மணி கேட்டாள்: "எனக்காக நீ எதுக்குப் பழிய ஏத்துக்கிட்டே?"

"உங்களைன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்கக்கா. என்னைய நிறுத்தமாட்டாங்கல்ல."

அந்த உண்மையும் சுட்டது.

அந்தப் பழைய வீடு இருந்த இடத்தைக் கட்டடக்காரர்கள் கட்டாமல் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஊர்த் தோண்டலுக்கு இசக்கிக்கு மட்டும்தான் அழைப்பு வந்தது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று அவள் தயங்கினாள்.

"நீ போயிட்டு வாட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் பொன்மணி, முகத்தைப் பார்க்காமல்.

இசக்கி போனில் கூப்பிட்டால் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசுவது என்று வைராக்கியமாக இருந்தாள். நாலாம் நாள் அது உடைந்தது.

"அங்க என்னட்டி கெடச்சுது?"